நாற்காலி தூக்க மட்டுமா வாலிபர்கள்?

கிறிஸ்மஸுக்கு முந்தின இரவு. நெல்லைச் சீமையில் ஒரு சிற்றூர். ஊரின் நடுவே ஒரு கிறிஸ்தவ ஆலயம்.

கோபுரத்தின் உச்சியில் ஒரு வாலிபன் நிற்கிறான். கையில் பெரிய காகித நட்சத்திரம். கீழே நான்கு பேர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பத்துப் பேர் பந்தலுக்கு நாற்காலி சுமக்கிறார்கள். வீடு வீடாகப் போய்ப் பாடிவிட்டு வந்த பெண் பிள்ளைகள் தொண்டை கட்டிப்போய், சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கே பார்த்தாலும் இளம் முகங்கள். பார்க்கவே மகிழ்ச்சியாக இருந்தது.

அதே ஆலயத்துக்கு மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போனேன். "வாலிபர் கூட்டம், மாலை 5 மணி" என்று பலகையில் எழுதியிருந்தது. மணி ஐந்தேகால் ஆகிவிட்டது. உள்ளே மூன்றே பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஆலய மணி அடிக்கிறவர். விளக்கை அணைப்பதற்காகக் காத்திருந்தார்!

மற்றவர்கள் எங்கே?

நட்சத்திரம் கட்டிய அந்த வாலிபனை டீக்கடையில் கண்டேன். வயது இருபத்திரண்டு இருக்கும். "ஏன் தம்பி, கூட்டத்துக்குப் போகவில்லையா?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். "பத்து வருஷமா நாற்காலி தூக்குறேன் அண்ணே. பந்தல் போட என்னைக் கூப்பிடுவாங்க. அசனத்துக்கு விறகு ஏத்த என்னைக் கூப்பிடுவாங்க. ஆனா, 'உனக்கு என்னப்பா தோணுது?' என்று ஒரு நாள்கூட யாரும் கேட்டதில்லை. கூட்டத்துக்குப் போனா ஒருத்தர் பேசுவாரு. நாங்க கேட்கணும். கேட்டுட்டு வரணும். அவ்வளவுதான்."

சபையின் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். பல ஆண்டுகளாகக் கமிட்டியில் இருப்பவர். நல்ல மனிதர். அவர் சொன்னார்: "தம்பி, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் செல்போன்தான் தெய்வம். பொறுப்புக் கொடுத்தால் செய்யமாட்டார்கள். காசு கொடுத்தால் கணக்குக் கொடுக்கமாட்டார்கள்."

"ஒரு தடவையாவது கொடுத்துப் பார்த்தீர்களா, ஐயா?" என்று கேட்டேன்.

பெரியவர் பதில் சொல்லவில்லை. நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கட்டுரையின் பேச்சே அதுதான். வாலிபர் ஊழியம் வாடிப்போவதற்குக் காரணம் வாலிபர்கள் அல்லர். அவர்களிடம் வேலை வாங்குகிறோம். பொறுப்பைக் கொடுப்பதில்லை. பொறுப்பைக் கொடுத்தாலும் பணத்தைக் கொடுப்பதில்லை. பணத்தைக் கொடுத்தாலும் கணக்கு நோட்டைக் கொடுப்பதில்லை. மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால்தான் சங்கம் பிழைக்கும்.

இது புதிய கருத்து அல்ல. வரலாறு இதைத்தான் சொல்கிறது.

ஒரு குளிர்கால இரவு

அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்தில் போர்ட்லண்ட் என்று ஒரு துறைமுக நகரம். அங்கே வில்லிஸ்டன் சபை என்று ஒரு சபை. அதன் போதகர் பிரான்சிஸ் கிளார்க். அப்பொழுது அவருக்கு வயது 29.

அவருக்கு ஒரு கவலை. இளம் பிள்ளைகள் பலர் உற்சாகமாகச் சபையில் சேர முன்வந்தார்கள். இந்த உற்சாகம் எத்தனை நாளைக்கு? கூட்டம் போட்டுப் பிரசங்கம் செய்தால் மட்டும் நிலைக்குமா? அவர் யோசித்தார்.

1881-ம் ஆண்டு பிப்ரவரி 2-ந் தேதி இரவு. பிள்ளைகளைத் தம் வீட்டுக்கு அழைத்தார். ஓர் உறுதிமொழியைப் படித்துக் காட்டினார். தினமும் ஜெபிக்கவேண்டும். வேதம் வாசிக்கவேண்டும். வாரக் கூட்டத்துக்குத் தவறாமல் வரவேண்டும். வந்து சும்மா உட்காரக்கூடாது. ஏதாவது ஒரு பங்கு எடுத்துக்கொள்ளவேண்டும். இதுதான் உறுதிமொழி.

கடினமான நிபந்தனைதான். பிள்ளைகள் கொஞ்சம் தயங்கினார்கள். ஆனாலும் கையெழுத்துப் போட்டார்கள்.

அன்று பிறந்ததுதான் கிறிஸ்தவ முயற்சிச் சங்கம். சில ஆண்டுகளில் அது கடல் கடந்து பல நாடுகளுக்குப் பரவியது. நம் நாட்டுச் சபைகளுக்கும் வந்தது.

அந்தச் சங்கத்தின் இரகசியம் என்ன? குழுக்கள்! ஜெபக் கூட்டத்தை நடத்த ஒரு குழு. எல்லாரும் கூடிப் பழக ஏற்பாடு செய்ய ஒரு குழு. புதியவர்களை அழைத்துவரவும், வராமல் போனவர்களைத் தேடிப் பார்க்கவும் ஒரு குழு. குழுக்களில் இருந்தவர்கள் எல்லாரும் இளைஞர்கள்.

கடைசியாகச் சொன்ன குழுவைக் கவனியுங்கள். நம் ஊர்ச் சங்கத்தில் ஒரு பையன் மூன்று வாரம் வரவில்லை என்றால், தேடிப் போவது யார்? யாரும் இல்லை. ஆறு மாதம் கழித்து, "அந்தப் பையன் கெட்டுப்போய்விட்டான்" என்று பேசுவதற்கு மட்டும் பத்துப் பேர் இருக்கிறார்கள்!

நெல்லைச் சீமை தந்த பாடம்

அமெரிக்காவுக்குப் போவானேன்? நம் மண்ணிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது.

திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்று ஒரு கிராமம். அங்கே 1874-ம் ஆண்டு ஒரு கிராம குருவானவரின் மகனாகப் பிறந்தவர் அசரியா. சென்னையில் கல்லூரியில் படித்தார். பிறகு ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தில் செயலாளராகச் சேர்ந்தார். ஊர் ஊராகப் போய் இளைஞர்களைச் சந்திப்பதுதான் அவர் வேலை.

அந்த ஒய்.எம்.சி.ஏ.வும் இளைஞர்கள் தொடங்கியதுதான். லண்டன் நகரில் ஒரு துணிக்கடை. அங்கே வேலை பார்த்தவர் ஜார்ஜ் வில்லியம்ஸ். வயது 22. கடைச் சிப்பந்திகளுக்கு அந்தக் காலத்தில் நெடுநேர வேலை. ஓய்வு குறைவு. தம்மைப் போன்ற சிப்பந்திகளைக் கூட்டி, ஜெபிக்கவும் வேதம் படிக்கவும் 1844-ம் ஆண்டு ஜூன் 6-ந் தேதி அவர் ஒரு சங்கம் தொடங்கினார். மாளிகை கட்டிவிட்டுத் தொடங்கவில்லை. ஓர் அறையில் தொடங்கினார்.

அசரியாவின் கதைக்கு வருவோம். 1902-ல் அவர் யாழ்ப்பாணத்துக்குப் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள், அந்நியர் கையை எதிர்பாராமல், தாங்களே பணம் சேர்த்து ஊழியம் நடத்துவதைக் கண்டார். அது அவர் மனத்தைத் தைத்தது. "நம் ஊரில் இது ஏன் நடக்கக்கூடாது?" என்ற கேள்வி எழுந்தது.

மறு ஆண்டு, 1903-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. அதைத் தோற்றுவித்தவர்களில் முதன்மையானவர் அசரியா. அப்பொழுது அவருக்கு வயது 28. அந்தச் சங்கத்தின் கொள்கை மிக எளியது. ஊழியம் செய்கிறவர்கள் இந்தியர். செலவுக்குப் பணம் இந்தியர் பணம். நிர்வாகமும் இந்தியர் நிர்வாகம்.

ஆள், பணம், நிர்வாகம் மூன்றும் ஒரே கையில்! அதனால்தான் அது நிலைத்தது. தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பகுதிக்கு அந்தச் சங்கம் ஊழியர்களை அனுப்பியது. 1909-ல் அசரியாவே அங்கே போனார். 1912-ல் தோர்ணக்கல் பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பேராயர் ஆனது அதுவே முதல் தடவை. 1945-ல் அவர் காலமானார். அவர் தொடங்கிய சங்கம் இன்றும் இருக்கிறது.

ஒன்றை எண்ணிப் பாருங்கள். அன்று பாளையங்கோட்டைப் பெரியவர்கள், "தம்பி, நீ சின்னப் பையன். முதலில் நாற்காலியை எடுத்துப் போடு" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

முதலில் ஆள்

சரி, ஓர் ஊர்ச் சபை இன்று என்ன செய்யவேண்டும்?

முதல் தேவை ஆள். கட்டடம் அல்ல. ஒலிபெருக்கி அல்ல. கிட்டார் அல்ல.

பல ஊர்ச் சபைகளைச் சேர்த்து ஒரு குருவானவரின் பொறுப்பில் வைப்பதைச் சேகரம் என்கிறார்கள். ஒரு சேகரத்தில் பத்து ஊர் இருந்தால், குருவானவர் பத்து ஊருக்கும் ஓடவேண்டும். திருமணம், அடக்கம், நோயாளி வீடு, கமிட்டிக் கூட்டம். இதற்கே நாள் போதாது. சில ஆண்டுகளில் அவருக்கு மாற்றலும் வந்துவிடும். அவர் உற்சாகத்தில் தொடங்கிய வாலிபர் சங்கம், அவருடைய பெட்டி படுக்கையோடு லாரி ஏறிவிடுகிறது!

ஆகையால், ஊரிலேயே இருக்கிற ஒருவர் வேண்டும். ஒரு பள்ளி ஆசிரியராக இருக்கலாம். நர்ஸாக இருக்கலாம். மளிகைக் கடைக்காரராக இருக்கலாம். பட்டம் தேவை இல்லை. மேடைப் பேச்சும் தேவை இல்லை. பிள்ளைகள் பேசினால் காது கொடுத்துக் கேட்கவேண்டும். கேட்டதை ஊரெல்லாம் சொல்லாமல் இருக்கவேண்டும். குறைந்தது மூன்று ஆண்டு விலகாமல் நிற்கவேண்டும்.

கணவனும் மனைவியுமாக இருவர் கிடைத்தால் மிகவும் நல்லது. பிளஸ் டூ தேர்வில் தவறிய பையன் யாரிடம் போவான்? வீட்டில் அப்பாவிடம் சொல்லப் பயம். அவனுக்கு ஒரு வீட்டுத் திண்ணை வேண்டும். "வா தம்பி, உட்கார். சாப்பிட்டாயா?" என்று கேட்க ஓர் அக்கா வேண்டும். ஒரு மணி நேரப் பிரசங்கத்தைவிட அந்தக் கேள்விக்குப் பலம் அதிகம்.

அப்படிப்பட்டவர் கிடைத்தால், அவரைக் கமிட்டி கைவிடக்கூடாது. ஆண்டுக்கு ஒரு முறையாவது பயிற்சி வகுப்புக்கு அனுப்பவேண்டும். பஸ் செலவை அவர் பையில் இருந்து போடவிடக்கூடாது. எத்தனையோ நல்ல ஊழியர்கள் சொந்தப் பணத்தைச் செலவழித்து, வீட்டில் ஏச்சு வாங்கி, கடைசியில் சோர்ந்து விலகியிருக்கிறார்கள். ஒருவருடைய நல்ல மனத்தை இப்படி இலவசமாகக் கரைப்பது சபைக்கு அழகா?

அடுத்தது பணம்

"பணத்துக்கு எங்கே போவது?" என்று உடனே கேட்பார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சபையில் 150 குடும்பங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்துக்கு மாதம் 20 ரூபாய். மாதத்துக்கு 3,000 ரூபாய் ஆகிறது. ஆண்டுக்கு 36,000 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு இது இரண்டு டீ குடிக்கும் காசு. ஒரு வாலிபர் சங்கத்துக்கு இது உயிர்.

ரூபாய் இல்லாத வீட்டிலும் அரிசி இருக்கும். மிசோரம் மாநிலத்தில் பிரஸ்பிடீரியன் சபைப் பெண்கள், உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை ஊழியத்துக்கென்று தனியாக எடுத்துவைக்கும் வழக்கம் 1910-ல் தொடங்கியது. இன்றும் அது நடக்கிறது. நெல்லைச் சீமையிலும் நம் பாட்டிமாருக்குக் கைப்பிடி அரிசி தெரியும். அறுப்பின் பண்டிகையில் வாழைத்தாரும் தேங்காயும் கோழியும் ஏலம் போவதும் தெரியும். ஒரு பூசணிக்காயை ஐந்து மடங்கு விலைக்கு ஏலம் எடுக்கிற ஊர், தன் பிள்ளைகளுக்குப் பணம் இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

பணம் இல்லாமல் இல்லை. பட்டியலில் இடம் இல்லை! அதுதான் உண்மை. சபையின் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தை எடுத்துப் பாருங்கள். வெள்ளை அடிக்கப் பணம் உண்டு. மதில் கட்டப் பணம் உண்டு. மின் விளக்குக்குப் பணம் உண்டு. "வாலிபர் ஊழியம்" என்று ஒரு வரி இருக்கிறதா? பல இடங்களில் இருக்காது. இருந்தாலும், மற்றச் செலவெல்லாம் போக மீதி இருந்தால் கொடுப்பார்கள். மீதி இருப்பதே இல்லை.

கோபுரம் கட்டவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டுங்கள். ஆனால் நாளைக்கு அந்தக் கோபுரத்தின் கீழே உட்காருவதற்கு ஆள் வேண்டாமா?

கடைசியில் கணக்கு நோட்டு

ஆள் வந்தாயிற்று. பணம் வந்தாயிற்று. இனிமேல்தான் பெரியவர்களுக்குச் சோதனை. கணக்கு நோட்டை வாலிபர் கையில் கொடுக்கவேண்டும்!

"தொலைத்துவிட்டால்?" என்று கேட்பார்கள். தொலையாமல் இருக்க வழி இருக்கிறது. பொருளாளராக ஒரு பையனையோ பெண்ணையோ சங்கத்தாரே தேர்ந்தெடுக்கட்டும். பணம் வங்கியில் இருக்கட்டும். எடுப்பதற்கு இரண்டு கையெழுத்து. ஒன்று பொருளாளருடையது. மற்றொன்று கமிட்டி நியமித்த பெரியவருடையது. ஒவ்வொரு செலவுக்கும் ரசீது. மாதக் கடைசி ஞாயிறு, வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என்று எழுதி ஆலயப் பலகையில் ஒட்டிவிடவேண்டும். ஒளிவு மறைவு இல்லாத இடத்தில் திருட்டுக்கு என்ன வேலை?

முதல் மாதம் கூட்டலில் தப்பு வரும். வரட்டும். திருத்திக் காட்டுங்கள். பெரியவர்களின் கணக்கில் தப்பு வந்ததே இல்லையா? இருபது வயதில் 36,000 ரூபாய்க்கு நேர்மையாகக் கணக்குக் காட்டிப் பழகியவன், நாற்பது வயதில் ஒரு பள்ளிக்கூடத்தின் பொறுப்பை ஏற்கத் தயாராக இருப்பான். நேர்மையான நிர்வாகி வானத்தில் இருந்து குதிக்கமாட்டான். அவனை உருவாக்கவேண்டும்.

பழைய காலத்திலும் இந்தச் சந்தேகம் இருந்தது. வேதாகமத்தில் பவுல், இளைஞனான தீமோத்தேயுவுக்குக் கடிதம் எழுதுகிறார். இளவயது என்று பார்த்து யாரும் உன்னை அற்பமாக எண்ண இடம் கொடுக்காதே, உன் நடத்தையால் முன்மாதிரியாக இரு என்ற கருத்தில் எழுதுகிறார். தீமோத்தேயுவிடம் பவுல் ஒப்படைத்தது பந்தல் வேலை அல்ல. ஒரு சபையையே ஒப்படைத்தார்!

இன்னொரு எச்சரிக்கை. சபைத் தேர்தல் வந்தால், இரண்டு பக்கத்துப் பெரியவர்களுக்கும் திடீரென்று வாலிபர்மேல் பாசம் பொங்குகிறது. டீ வாங்கிக் கொடுக்கிறார்கள். கட்சி சேர்க்கிறார்கள். தேர்தல் முடிந்தால் பெரியவர்கள் சமாதானம் ஆகிவிடுவார்கள். வாலிபர் சங்கம் இரண்டாகப் பிளந்தது பிளந்ததுதான். வேண்டாம் ஐயா, இந்தக் கொடுமை!

முந்நூறு ரூபாய்

எனக்குத் தெரிந்த ஒரு பையன். அப்பா இல்லை. அம்மா பீடி சுற்றுகிறார். கூட்டத்துக்கு முதலில் வருகிறவன் அவன்தான். ஒரு மே மாதம், மூன்று நாள் முகாமுக்குப் போகத் தலைக்கு முந்நூறு ரூபாய் என்றார்கள். எல்லாரும் ஒரே நிறத்தில் பனியன் போடவேண்டும், அதற்குத் தனிப் பணம் என்றார்கள்.

அவன் அம்மாவிடம் கேட்கவே இல்லை. "எனக்கு முகாம் பிடிக்காது" என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டான். அதற்கு அடுத்த ஞாயிறு அவன் கூட்டத்துக்கு வரவில்லை. பிறகு வரவே இல்லை.

யாரும் அவனைத் துரத்தவில்லை. முந்நூறு ரூபாய் துரத்திவிட்டது!

சபைப் பணம் எதற்கு? முதலில் இதற்குத்தான். முகாமுக்குக் கட்டணம் வைத்தால், கட்ட முடியாதவர் பங்கைச் சங்கப் பணத்தில் கட்டிவிடவேண்டும். யாருக்குக் கட்டினோம் என்பது பொறுப்பாளர் இருவரைத் தவிர மூன்றாம் பேருக்குத் தெரியக்கூடாது. ஒரே நிறப் பனியன் இல்லாவிட்டால் ஆண்டவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

பெண் பிள்ளைகளை மறக்கலாமா?

பாட்டுக் குழுவில் பெண்கள் அதிகம். ஞாயிறு பள்ளியில் கற்பிப்பதும் பெரும்பாலும் பெண்கள். கோடை விடுமுறை வேதாகமப் பள்ளியில் வெயிலில் அலைவதும் பெண்கள். ஆனால் வாலிபர் சங்கத் தலைவர் யார்? ஆண். செயலாளர் யார்? ஆண். பொருளாளர்? அதுவும் ஆண்!

இது நியாயமா? வீட்டுக் கணக்கைப் பைசா பிசகாமல் பார்ப்பது யார் என்று நம் வீட்டிலேயே தெரியும். பொறுப்புகளில் பாதி பெண்களுக்கு வரட்டும். கூட்ட நேரத்தையும் அவர்களைக் கேட்டு வையுங்கள். இரவு எட்டு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, "பெண்கள் வருவதில்லை" என்று குறை சொல்லிப் பயன் இல்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிள்ளைகளை நம்பி அனுப்புகிறோம். அந்த நம்பிக்கைக்குக் காவல் வேண்டும்.

எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனி அறையில் தனியாக இருக்கக்கூடாது. எப்பொழுதும் இரண்டு பெரியவர்கள் இருக்கவேண்டும். முகாமுக்குப் போனால் பெண் பிள்ளைகளோடு பெண் பொறுப்பாளர்கள் கட்டாயம் போகவேண்டும். பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கவேண்டும். புதிதாக ஒருவர் பொறுப்பு ஏற்க வந்தால், அவர் யார், எப்படிப்பட்டவர் என்று விசாரித்துவிட்டுத்தான் சேர்க்கவேண்டும். "அவர் பக்திமான்" என்ற ஒரு சொல் போதாது.

2012-ம் ஆண்டு வந்த போக்சோ சட்டம், பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களில் இருந்து காக்கிறது. அப்படி ஒரு குற்றம் நடந்தது என்று தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் மறைப்பது தண்டனைக்கு உரியது. "சபையின் பேர் கெட்டுவிடும்" என்று மூடி மறைத்தால் சபையின் பேர் கெடுவதோடு பிள்ளையின் வாழ்வும் கெடும். உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கு 1098 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. இதை ஆலயப் பலகையிலேயே எழுதி வையுங்கள்.

ஊரை விட்டுப் போனவர்கள்

படிப்பு முடிந்ததும் பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்விடுகிறார்கள். "இனி அவர்கள் நம் கணக்கில் இல்லை" என்று சபை கைகழுவிவிடுகிறது.

லண்டன் துணிக்கடைச் சிப்பந்திகளை மறுபடி நினைத்துப் பாருங்கள். அவர்களும் பிழைக்க வந்த பிள்ளைகள்தான். புது ஊர், தனி அறை, கையில் முதல் சம்பளம், பக்கத்தில் பேச ஆள் இல்லை. வழி தவறுவதற்கும் வழி காண்பதற்கும் அதுதான் நேரம்.

ஊரை விட்டுப் போகும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். போகும் ஊரில் உள்ள சபைக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்புங்கள். மாதம் ஒரு முறை ஒருவர் போன் செய்து விசாரிக்கட்டும். செல்போனைக் குறை சொல்லுகிற பெரியவர்களே, அதே செல்போனில் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "சாப்பாடு சரியாகக் கிடைக்கிறதா?" என்று கேளுங்களேன்!

எங்கே தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது. செய்யவும் வேண்டாம்.

அடுத்த மாதம், வாலிபர்களைக் கூப்பிட்டு வைத்து, பெரியவர்கள் ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்காரட்டும். பிள்ளைகள் பேசட்டும். குறை சொல்லட்டும். கோபப்படட்டும். எல்லாவற்றையும் ஒருவர் எழுதிக்கொள்ளட்டும்.

அதற்கு அடுத்த மாதம், நிலைத்து நிற்கக்கூடிய இரண்டு பேரைத் தேடுங்கள். மூன்றாம் மாதம் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி சேருங்கள். தொகை சிறிதாக இருந்தாலும் பாதகம் இல்லை. நான்காம் மாதம் ஒரு முழு வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலைப் பாடம் சொல்லிக் கொடுப்பதாக இருக்கலாம். துணை இல்லாத முதியவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதாக இருக்கலாம். எதைச் செய்வது என்று அவர்களே முடிவு செய்யட்டும். தப்பு நேர்ந்தால், கூட நின்று திருத்துங்கள். வேலையைப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள்.

இது கிறிஸ்தவ சபைக்கு மட்டும் உரிய பேச்சு அல்ல. கோயில் திருவிழாக் கமிட்டிக்கும் பள்ளிவாசல் ஜமாத்துக்கும் ஊர் நூலகத்துக்கும் இதுதான் கதை. பிள்ளைகள் வேலைக்கு வேண்டும், யோசனைக்கு வேண்டாம் என்று நினைக்கிற இடம் எதுவானாலும், அது நாளடைவில் முதியவர்கள் மட்டும் உட்காரும் இடமாகிவிடும்.

மார்ச் மாதம் நான் பார்த்த அந்தப் பெரியவர், விடைபெறும்போது என்னிடம் ஒன்று சொன்னார்: "தம்பி, என் அப்பா காலத்தில் நானும் நாற்காலிதான் தூக்கினேன். என்னையும் யாரும் கேட்கவில்லை. அப்பொழுது எனக்கும் கோபம் வந்தது. அதை மறந்தே போய்விட்டேன்."

"அடுத்த கமிட்டிக் கூட்டம் எப்போது ஐயா?" என்று கேட்டேன்.

"வருகிற ஞாயிறு" என்றார்.

"அந்த நட்சத்திரம் கட்டின பையனைக் கூப்பிடுவீர்களா?"

"கூப்பிடுகிறேன்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "அவன் வருவானா?" என்று கேட்டார்.

அவன் வருவான் என்றுதான் நினைக்கிறேன். அவன் வந்ததும், "தம்பி, அந்த நாற்காலியை எடுத்துப் போடு" என்று பழைய பழக்கத்தில் சொல்லிவிடாதீர்கள், ஐயா. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவனை உட்காரச் சொல்லுங்கள்!